டர்னரின் நீர்வண்ணப் படங்களைப் புத்தகத்தில் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அசோக் நகரில் சனிக்கிழமைதோறும் நான் நடத்தும் வாட்டர்கலர் வகுப்பில் ஒரு மேஜை முழுக்க ஓவியப் புத்தகங்கள் கிடக்கும். பாதிக்கு மேல் டர்னர். படிக்க வருபவர்களும், பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும் அவற்றைப் புரட்டிவிட்டு என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

டர்னர்னா யாரு சார்? பேரே கேள்விப்பட்டதில்லையே.

ஜோசப் மல்லார்ட் வில்லியம் டர்னர். 1775-ல் லண்டனில் கோவென்ட் கார்டன் பகுதியில் பிறந்தவர். அப்பா முடிதிருத்தும் தொழிலாளி. பையன் வரைந்த படங்களைத் தன் கடையிலேயே மாட்டி விற்றவர். பதினாலு வயதில் ராயல் அகாடமியின் பள்ளியில் சேர்ந்து, அடுத்த வருடமே, அதாவது 1790-ல், அகாடமியின் கண்காட்சியில் டர்னரின் நீர்வண்ணப் படம் ஒன்று இடம்பிடித்தது. 1851-ல் இறந்தார். செயின்ட் பால் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். 2020 முதல் இங்கிலாந்தின் 20 பவுண்டு நோட்டில் அவர் முகம் இருக்கிறது.

அவர் நாட்டுக்கு விட்டுச் சென்றதில் ஆயில் படங்கள் சுமார் 300. தாளில் வரைந்தவை, ஸ்கெட்ச் நோட்டுகளின் பக்கங்களையும் சேர்த்து, 30,000-க்கும் மேல். பெரும்பகுதி லண்டனில் உள்ள டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஒரே மனிதர் அறுபது வருடம் விடாமல் தண்ணீரையும் வண்ணத்தையும் வைத்து என்னென்ன செய்து பார்த்தார் என்பது முழுசாக நமக்குக் கிடைத்திருக்கிறது. நான் டர்னரையே திரும்பத் திரும்ப எடுத்து வைப்பதற்கு இதுதான் காரணம்.

வாட்டர்கலர்னா ஸ்கூல் பிள்ளைங்க போடுறதுதானே? பெரிய ஓவியர்கள் எல்லாம் ஆயில்தானே?

டர்னர் இளைஞராக இருந்தபோது இங்கிலாந்திலும் அப்படித்தான் நினைத்தார்கள். கோட்டை, தேவாலயம், பண்ணை வீடு ஆகியவற்றைப் பேனாவால் கோடு போட்டு மேலே லேசாக நிறம் பூசுவதுதான் அன்றைய நீர்வண்ணம். அதைத் தனிக் கலையாக நிமிர்த்தியவர்களில் முக்கியமானவர்கள் இருவர்: டர்னர், அவரோடு ஒரே வருடத்தில் பிறந்த தாமஸ் கிர்ட்டின். கிர்ட்டின் 1802-ல் இருபத்தேழு வயதில் போய்விட்டார். நீர்வண்ண ஓவியர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியது 1804-ல்.

ஆயிலைவிட இது எளிது என்பதும் சரியில்லை. ஆயிலில் தப்பாகப் போனால் மேலே இன்னொரு பூச்சு போட்டு மறைக்கலாம். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் தாளேதான். வெளிச்சம் எங்கே வேண்டுமோ அங்கே கை வைக்காமல் விட வேண்டும், அதை முன்கூட்டியே தீர்மானித்திருக்கவும் வேண்டும்.

லேண்ட்ஸ்கேப்னா மலை, மரம், ஆறு. ஒண்ணு பார்த்தா எல்லாம் பார்த்த மாதிரிதானே?

தொல்காப்பியம் படித்த ஊர்க்காரர்கள் நாம். அதில் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் சேர்ந்தது. குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை என்று நிலத்தோடு நேரத்தையும் இணைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். டர்னரைப் பார்க்க இதைவிட நல்ல சாவி எனக்குக் கிடைத்ததில்லை. அவர் படத்தில் மலை இருக்கிறது, ஆனால் அவர் வரைவது அந்த மலையின் பொழுதை.

சுவிட்சர்லாந்தில் லூசர்ன் ஏரிக்கு எதிரே ரிகி என்று ஒரு மலை. தங்கியிருந்த விடுதியிலிருந்து அதைப் பார்த்து வந்த டர்னர், 1842-ல் மூன்று பெரிய நீர்வண்ணப் படங்கள் செய்தார். புத்தகங்கள் அவற்றை நீல ரிகி, சிவப்பு ரிகி, கறுப்பு ரிகி என்று குறிப்பிடும். ஏரி அதே ஏரி, மலை அதே மலை. சிவப்பு ரிகி சாயங்காலம்: கடைசி வெயில் மலையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். கறுப்பு ரிகி அதிகாலை மூட்டம். நீல ரிகியில் சூரியன் மலைக்குப் பின்னால் இருக்கிறது, இன்னும் எழவில்லை. மலை முழுக்க நீலம், அடிவானத்தில் மட்டும் மஞ்சள் கசிகிறது. மேலே ஒரு வெள்ளைப் புள்ளி, விடிவெள்ளி. கீழே தண்ணீரில் திடீரென்று ஒரு கலவரம்: வாத்துகள் பதறிப் பறக்க, நாய்கள் தண்ணீரில் பாய்கின்றன. அந்த நிசப்தம் அந்தக் கணத்தில்தான் உடைகிறது. மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்று பார்த்தால் எல்லாம் பார்த்த மாதிரி என்று அப்புறம் சொல்ல மாட்டீர்கள்.

லண்டன் போய் நேர்ல பார்க்காம, புத்தகத்துல பார்த்து என்ன சார் புரியும்?

நிறையவே புரியும். நேரில் பார்ப்பதற்கு ஈடு இல்லை, சரி. ஆனால் லண்டனில் இருப்பவருக்கும் இந்தப் படங்கள் தினமும் கிடைப்பதில்லை. வெளிச்சம் பட்டால் நீர்வண்ணம் மங்கும். அதனால் பொதுவாக 50 லக்ஸ் அளவு குறைந்த வெளிச்சத்தில் கொஞ்ச காலம் மாட்டிவிட்டு, பழையபடி இருட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். ஹென்றி வான் என்ற சேகரிப்பாளர் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசியக் கலைக்கூடத்துக்கு எழுதிவைத்த 38 டர்னர் படங்களை, வெளிச்சம் மிகக் குறைவாக இருக்கும் ஜனவரி மாதத்தில் மட்டும் காட்டுவது அங்கே நூறு வருடத்துக்கும் மேலான வழக்கம்.

மூன்று ரிகிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். நீலம் லண்டனில், சிவப்பு மெல்போர்னில். 2007-ல் டேட் அவற்றை ஒரே அறையில் சேர்த்துக் காட்டியது பெரிய விஷயமாகப் பேசப்பட்டது. நம் மேஜையில் புத்தகத்தைத் திறந்தால் மூன்றும் எப்போதும் சேர்ந்தே இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க, திரும்ப வந்து பார்க்க, ஒரே படத்தின் முன்னால் அரை மணி நேரம் உட்கார, புத்தகம்தான் வசதி. புத்தகம் சில விஷயங்களில் ஏமாற்றும். எதில் ஏமாற்றும் என்று தெரிந்துவிட்டால் போதும். அடுத்த இரண்டு பதில்களும் அதைப் பற்றியவை.

படம் எவ்வளவு பெருசுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? புத்தகத்துல எல்லாம் ஒரே சைஸ்ல இருக்கே.

படத்துக்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தலைப்பு, வருடம், எந்தப் பொருளைக் கொண்டு வரைந்தது, அளவு, எங்கே இருக்கிறது என்ற விவரமெல்லாம் அங்கே இருக்கும். அளவில் பொதுவாக உயரம் முதலில், அகலம் அடுத்து. நம் வழக்கத்துக்கு இது தலைகீழ் என்பதால் பலர் குழம்புகிறார்கள்.

நீல ரிகி ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரம், 45 சென்டிமீட்டர் அகலம். பழைய தினத்தாளை அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். 1,800 மீட்டர் உயர மலையும் முழு ஏரியும் அதற்குள் அடங்கியிருக்கின்றன என்பது அப்போதுதான் உறைக்கும். வகுப்பில் இதைச் செய்யும்போது முதலில் எல்லோரும் சொல்வது, "இவ்வளவு சின்னதா?" என்பதுதான். ஸ்கெட்ச் நோட்டுப் பக்கங்கள் இன்னும் சிறியவை, சட்டைப்பைக்குள் போகிற அளவில்கூட உண்டு. புத்தகத்தில் அவை முழுப் பக்கத்துக்கு ஊதி அச்சாகியிருக்கும். அதனால் தூரிகையின் ஒரு தொடுகை பெரிய வீச்சு மாதிரி தெரியும். உண்மையில் அது விரல் நுனி அசைவு.

ஒரே படம் ரெண்டு புத்தகத்துல ரெண்டு கலர்ல இருக்கு. எதை நம்பறது?

அச்சில் எல்லா நிறமும் நாலு மைகளின் புள்ளிகள்தான்: நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. பூதக்கண்ணாடி வைத்தால் புள்ளிகள் தெரியும். டர்னரின் மெல்லிய மஞ்சளும் இளம் சாம்பலும் இந்தப் புள்ளிகளுக்கு அகப்படாமல் நழுவும். அத்தோடு படம் எடுத்தவர், அச்சகம், தாள் மூன்றும் சேர்ந்து நிறத்தை மாற்றிவிடும். பழைய புத்தகம் என்றால் தாளே மஞ்சளாகிப் போயிருக்கும்.

நான் செய்வது இது. படத்தில் வண்ணம் படாமல் விட்டிருக்கும் இடத்தைத் தேடுவேன், பெரும்பாலும் ஓரத்தில் கிடைக்கும். அது பழைய தாளின் பழுப்பு கலந்த வெண்மையாகத் தெரிந்தால் மற்ற நிறங்களையும் ஓரளவு நம்பலாம். சுண்ணாம்பு வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தால் யாரோ கான்ட்ராஸ்டை ஏற்றியிருக்கிறார்கள். ரோஜா நிறமாகத் தெரிந்தால் மொத்தப் பக்கத்திலும் சிவப்பு கூடியிருக்கிறது. வீட்டு விளக்கும் ஒரு காரணம். மஞ்சள் பல்பின் கீழ் நீல ரிகி செத்துப்போகும். காலை எட்டு மணிக்கு மேல், நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தப் புத்தகங்கள் சென்னையில எங்க கிடைக்கும்? விலையைக் கேட்டா மயக்கம் வருது.

முதலில் நூலகம். எழும்பூரில் 1896-லிருந்து இருக்கும் கன்னிமாரா, கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், அண்ணா சாலையில் பிரிட்டிஷ் கவுன்சில். டூயி எண்முறைப்படி அடுக்கும் நூலகங்களில் 759.2 என்பது பிரிட்டிஷ் ஓவியம். அந்த அடுக்குக்கு நேராகப் போனால் டர்னர் மட்டுமில்லாமல் கிர்ட்டின், கான்ஸ்டபிள், காட்மன் எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரர்களாகக் கிடைக்கலாம். பெரிய அளவுப் புத்தகங்களைத் தனி அடுக்கில் வைத்திருப்பார்கள், நூலகரிடம் கேட்டுவிடுங்கள்.

வாங்குவதென்றால் ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில், இறக்குமதிப் புத்தகங்களைத் தள்ளுபடியில் குவித்து வைக்கும் கடைகளைப் பாருங்கள். திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை, மயிலாப்பூர் லஸ் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகள் இரண்டிலும் பொறுமை இருந்தால் கிடைக்கும். பழைய புத்தகத்தில் வண்ணப் பக்கங்களை யாராவது கிழித்து எடுத்திருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஒண்ணே ஒண்ணு வாங்கறதா இருந்தா என்ன பார்த்து வாங்கணும்?

எத்தனை படம் என்று பார்க்காதீர்கள். ஒரு பக்கத்தில் ஆறு படம் அடைத்த புத்தகத்தைவிட, பக்கத்துக்கு ஒரு படம் போட்டு நாற்பது படங்களோடு முடியும் புத்தகம் மேல். முக்கியமான படங்களை இரண்டு பக்கத்துக்கு விரித்து நடுமடிப்பில் பலி கொடுத்திருந்தால் வேண்டாம். மலையுச்சி சரியாக அந்த மடிப்பில் போய் விழும். பளபளக்கும் ஆர்ட் பேப்பரைவிட மேட் தாள் கண்ணுக்கு நல்லது, டியூப்லைட் பிரதிபலிக்காது. ஒரு பகுதியை மட்டும் நிஜ அளவிலேயே காட்டும் பக்கங்கள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மேலே சொன்ன சின்ன எழுத்து விவரங்கள் இல்லாத புத்தகத்தைத் தொடவே தொடாதீர்கள்.

டேட் வெப்சைட்லயே எல்லாம் இலவசமா இருக்கே அண்ணா, அப்புறம் எதுக்குப் புத்தகம்?

இருக்கிறது, நானும் பார்க்கிறேன். ஒரு படத்தைப் பெரிதாக்கி, எங்கே சுரண்டினார், எங்கே துடைத்தார் என்று தேட இணையம்தான் சிறந்தது. ஆனால் திரை தானே ஒளிர்வது. நீர்வண்ணம் அப்படியில்லை. அறையின் வெளிச்சம் மெல்லிய வண்ணப் படலத்துக்குள் இறங்கி, தாளில் பட்டு, திரும்ப வண்ணம் வழியாகவே வெளியே வருகிறது. அச்சிட்ட பக்கமும் ஏறக்குறைய இந்த வழியில்தான் வேலை செய்கிறது. போனில் பார்க்கும் டர்னர் எல்லாமே நண்பகல் மாதிரி எரியும். வைகறை தெரிய வேண்டுமென்றால் தாள் வேண்டும். பின்னணியில் வாட்ஸாப் மணி அடிக்காது என்பது கூடுதல் லாபம்.

சில படத்துல ரெண்டு மூணு கலர் பட்டை மட்டும்தான் இருக்கு. இதெல்லாம் பாதியில விட்டதா, இல்ல மாடர்ன் ஆர்ட்டா?

முதலாவதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு நீல அலை, கீழே மஞ்சள், நடுவில் ஒரு சிவப்புக் கறை. இப்படி நூற்றுக்கணக்கில் தாள்கள் அவர் வீட்டில் இருந்தன. உயிரோடு இருந்தபோது அவற்றை அவர் கண்காட்சிக்கு அனுப்பவில்லை. 1909-ல் வெளியான பட்டியலில் ஃபின்பெர்க் என்ற அறிஞர்தான் இவற்றை வண்ணத் தொடக்கங்கள் என்ற பெயரில் வகைப்படுத்தினார். எந்தப் பொழுது, வெளிச்சம் எந்தப் பக்கம், சூடு எங்கே குளிர் எங்கே என்பதை முதலில் தாளில் நிறுத்திவிட்டு, மரமும் மனிதர்களும் அப்புறம் வரட்டும் என்று வேலை செய்தவர் அவர். ரிகி படங்களுக்கும் இப்படி மாதிரிகள் உண்டு. முகவர் தாமஸ் கிரிஃபித் வழியாக வாங்குபவர்களிடம் அவற்றைக் காட்டி, யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு முழுப் படம் செய்து கொடுத்தார்.

இந்தத் தொடக்கங்களை மட்டும் பெரிதாகப் போட்டு, அவர் நூறு வருடம் முன்னாலேயே அரூப ஓவியம் வரைந்துவிட்டார் என்று கொண்டாடும் புத்தகங்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவை அழகாக இருக்கின்றன, நான் மணிக்கணக்கில் பார்ப்பேன். ஆனாலும் தொடக்கத்தையும் முடிந்த படத்தையும் எதிரெதிர் பக்கங்களில் வைக்கும் புத்தகத்தில்தான் டர்னர் யோசிக்கும் விதம் தெரிகிறது.

அந்த வெள்ளை வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவந்தார்? வெள்ளை பெயின்ட்டா?

சில படங்களில் ஆமாம். பிரெஞ்சு நதிகளைப் பற்றிய சிறிய படங்களை அவர் நீலத் தாளில், வெள்ளை கலந்த கெட்டி வண்ணத்தால் போட்டார். தாளே நீலமாக இருந்தால் வெள்ளையைப் பூசித்தானே ஆகவேண்டும். வெள்ளைத் தாளில் அவர் வழி வேறு: விட்டுவிடுவது, ஈரத்தில் பஞ்சால் ஒற்றி எடுப்பது, ரொட்டித் துணுக்கால் தேய்ப்பது, காய்ந்தபின் கத்தி முனையாலோ நகத்தாலோ சுரண்டுவது. இதற்காகவே ஒரு கட்டைவிரல் நகத்தை நீளமாக வளர்த்திருந்தார் என்று அவரைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நீல ரிகியின் விடிவெள்ளி அப்படிச் சுரண்டிய புள்ளிதான், அது பூசிய வெள்ளை இல்லை.

வேலை செய்யும்போது யாரையும் பக்கத்தில் விடாதவர் அவர். விதிவிலக்காக 1818-ல் யார்க்‌ஷயரில், நண்பர் வால்டர் ஃபாக்ஸின் ஃபார்ன்லி ஹால் வீட்டில் ஒரு காலை. போர்க்கப்பல் எவ்வளவு பெரிசு என்று புரிகிற மாதிரி ஒரு படம் போட்டுக் கொடு என்று ஃபாக்ஸ் கேட்க, காலைச் சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்தார். ஃபாக்ஸின் மகன் கூடவே இருந்தான். தாள் ஊறும்வரை வண்ணத்தை ஊற்றி, கிழித்து, சுரண்டி, வெறி பிடித்தவர் மாதிரி வேலை செய்தார் என்றும், எல்லாம் ஒரே குழப்பமாகத் தெரிந்து மெல்ல மெல்லக் கப்பல் உருவானது என்றும் அந்தக் குடும்பத்தார் நினைவுகூர்ந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது. அந்தப் படம் பெட்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கப்பலின் பக்கச் சுவர் தாளில் அடங்காமல் ஓங்கி நிற்க, கீழே சின்னச் சின்னப் படகுகள். புத்தகத்தில் கண்ணில் பட்டால் அலைகளின் நுனியைப் பாருங்கள், சுரண்டல் தெரியும்.

இதைப் பார்த்து காப்பி அடிச்சுப் பழகலாமா? தப்பில்லையே?

தப்பே இல்லை. டர்னரும் கிர்ட்டினும் இளம் வயதில் டாக்டர் மன்றோ என்பவர் வீட்டில் மாலை நேரங்களில் உட்கார்ந்து, ஜான் ராபர்ட் கஸன்ஸ் போன்றவர்களின் படங்களைப் பார்த்துப் போட்டுத்தான் கை தேர்ந்தார்கள். அதற்குச் சின்னக் கூலியும் இரவுச் சாப்பாடும் கிடைத்தது.

முழுப் படத்தையும் எடுத்துக்கொண்டு போராடாதீர்கள். நீல ரிகியின் வானம் மட்டும் போதும், மஞ்சளிலிருந்து நீலத்துக்கு எங்கும் பச்சை ஆகாமல் போவது. சென்னையில் இதற்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. மே மாதம் ஃபேனுக்குக் கீழே பாதி வானம் முடிவதற்குள் மேல் பாதி காய்ந்து கோடு விழும். நவம்பரில் அதே தாள் மணிக்கணக்கில் ஈரமாகவே கிடந்து, அடுத்த பூச்சு கலங்கும். ஃபேனை நிறுத்துங்கள், தாளைப் பின்பக்கமும் நனைத்துப் பலகையில் படிய வையுங்கள். டர்னரும் கைப்பிடி வைத்த பலகைகளில் தாளை விரித்து, தண்ணீரில் முக்கி எடுத்து, ஒன்று காய்வதற்குள் அடுத்ததற்குப் போவார் என்று ஒரு சக ஓவியர் சொல்லியிருக்கிறார்.

நம்ம ஊரை டர்னர் வரைஞ்சிருக்காரா?

இந்தியாவுக்கே அவர் வந்ததில்லை. ஆனால் 1799-ல் திப்பு வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையைப் பற்றி 1800 வாக்கில் செய்த ஒரு நீர்வண்ணம் டேட்டில் இருக்கிறது. ஒரு ராணுவ அதிகாரியின் ஸ்கெட்சுகளை வைத்து இமயமலைக் காட்சிகளும் செய்திருக்கிறார். எல்லாம் பிறர் கண்ணால் பார்த்தவை.

நம் நிலத்தைக் கண்ணால் பார்த்து வரைந்த அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் வேண்டுமென்றால் தாமஸ் டேனியல், அவர் சகோதரர் மகன் வில்லியம் டேனியல் இருவரையும் தேடுங்கள். 1792-ல் மதுரை, தஞ்சாவூர் எல்லாம் சுற்றி வந்தவர்கள். 1795-லிருந்து 1808 வரை 144 அச்சுப் படங்களாக வெளியிட்ட தொகுப்பில் மாமல்லபுரம் இருக்கிறது, கோட்டை இருக்கிறது, சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேலிருந்த பழைய மர்மலாங் பாலமும் இருக்கிறது. நிலம் துல்லியமாக இருக்கும். பொழுதுக்கு டர்னரிடம்தான் திரும்ப வரவேண்டும் என்பது என் அபிப்பிராயம். நம்மவர்களில் கே.சி.எஸ். பணிக்கரின் ஆரம்பகால நீர்வண்ண நிலக்காட்சிகளைப் பாருங்கள். பின்னாளில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய அதே பணிக்கர்தான்.

நம்ம ஊரு ஈரத்துல இந்தப் புத்தகங்களை எப்படிக் காப்பாத்தறது?

வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். கண்ணாடிக் கதவு போட்டு மாதக்கணக்கில் மூடி வைப்பதும் வேண்டாம். கனமான புத்தகத்தைப் படுக்க வையுங்கள், நிற்க வைத்தால் பக்கங்களின் பாரத்தில் தையல் அறும். மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டினாலே ராமபாணப் பூச்சி பாதி குறையும்.

ஆர்ட் பேப்பர் புத்தகம் மழையில் நனைந்துவிட்டால் மட்டும் அவசரம். அந்தத் தாளின் மேல்பூச்சு ஈரத்தில் இளகி, காயும்போது பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிரிக்கவே முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல வீடுகளில் புத்தகங்கள் செங்கல்லாகிப் போனது இப்படித்தான். ஈரம் காய்வதற்குள் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் அச்சில்லாத வெள்ளைத் தாளைச் செருகி, மாற்றி மாற்றிக் காயவிட வேண்டும். உடனே முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீஸரில் வைத்துவிட்டு, நேரம் கிடைக்கும்போது எடுத்துச் செய்யலாம்.

வயசான காலத்துல அவருக்குக் கண்ணுல புரை, அதனாலதான் படம் எல்லாம் மங்கலா இருக்குன்னு படிச்சேனே சார்?

இந்தக் கதைக்கு வயது நூற்றைம்பதுக்கும் மேல். 1872-ல் லண்டனில் ரிச்சர்ட் லீப்ரைக் என்ற கண் மருத்துவர் டர்னரின் கண் வில்லையில் கோளாறு என்று சொற்பொழிவாற்றினார். அதிலிருந்து இது சுற்றிக்கொண்டே இருக்கிறது.

புத்தகத்தை வைத்து நீங்களே சோதிக்கலாம். நீல ரிகி அவருடைய அறுபத்தேழாவது வயது வேலை. மேலே சொன்ன நாய்களையும் வாத்துகளையும், சுரண்டிய விடிவெள்ளியையும் மறுபடி பாருங்கள். மலை மங்கலாக இருக்கிறது, ஏனென்றால் அது தூரத்தில், மூட்டத்துக்குள் இருக்கிறது. பக்கத்தில் இருப்பது கூர்மையாக இருக்கிறது. கண்ணில் புரை என்றால் எது மங்க வேண்டும், எது கூர்மையாக இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முடியுமா? மார்கழிக் காலையில் மெரினாவில் நின்று பார்த்தால் நமக்கும் படகு தெளிவாகவும் அடிவானம் இல்லாமலும்தான் இருக்கும்.

இருநூறு வருஷத்துல கலர் மங்கிப்போயிருக்குமே. நாம பார்க்கறது டர்னர் போட்டதேதானா?

சில படங்களில் இல்லை. சாம்பல் மேகத்துக்கு அந்தக் காலத்தில் அவுரி நீலத்தையும் சிவப்பு மண் வண்ணத்தையும் கலப்பார்கள். அவுரி வெளிச்சத்தில் கரைந்துபோகும், சிவப்பு மண் நிற்கும். விளைவாக மேகம் இளஞ்சிவப்பாக மாறிவிடும். மழை மேகமாக இருந்தது விடியல் மேகமாகத் தெரிந்தால் படத்தின் பொழுதே மாறிவிட்டது என்று பொருள். 1888-லேயே ரஸ்ஸல், ஆப்னி என்ற இரண்டு விஞ்ஞானிகள் நீர்வண்ணங்கள் வெளிச்சத்தில் மங்குவதைச் சோதித்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார்கள்.

வீட்டுச் சுவரில் பல காலம் தொங்கிய படமா, பெட்டிக்குள் கிடந்த படமா என்பதை விவரக் குறிப்பில் தேடுங்கள். அவர் நாட்டுக்கு விட்டுச்சென்றவற்றில் ஸ்கெட்ச் நோட்டுப் பக்கங்கள் பெரும்பாலும் மூடியே கிடந்ததால் நிறம் அப்படியே இருக்கிறது. ஒரு படத்தின் நிறத்தில் சந்தேகம் வந்தால் அதே வருடத்து நோட்டுப் பக்கம் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

அந்த இடத்தோட போட்டோவையும் படத்தையும் ஒப்பிட்டேன். மலை வேற மாதிரி இருக்கே. அப்ப பொய்யா வரைஞ்சாரா?

ஜான் ரஸ்கின் என்ற கலை விமர்சகர் இதே சோதனையைச் செய்தவர். 1843-ல் தன் முதல் நூலிலேயே டர்னருக்காக வாதாடியவர், அவர் இறந்தபின் அந்த ஆயிரக்கணக்கான தாள்களை உட்கார்ந்து பிரித்து அடுக்கியவர். ஆல்ப்ஸில் ஃபைடோ கணவாயை டர்னர் 1843-ல் வரைந்த படம் ரஸ்கினிடம் இருந்தது. அவர் அந்த இடத்துக்கே போய் நின்று, இருப்பதை இருந்தபடி தானே வரைந்து ஒப்பிட்டார். டர்னர் மலைகளை உயர்த்தியிருந்தார், பாறைகளைப் பெருக்கியிருந்தார்.

ரஸ்கின் அதைப் பொய் என்று சொல்லவில்லை. அந்தக் கணவாய் வழியாக மலையிறங்கி வந்த ஒருவருக்கு, வழியெல்லாம் பார்த்த பாதாளமும் பனியாற்றின் இரைச்சலும் மனதில் இருக்கும்போது அந்த இடம் எப்படிப் படுமோ அப்படி வரைந்திருக்கிறார் என்று விளக்கினார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. போட்டோ நின்ற இடத்தில் நின்று எடுப்பது. டர்னரின் படத்தில் வந்த வழியும் இருக்கிறது. ஃபைடோ படம் உங்கள் புத்தகத்தில் இருந்தால் கீழ்ப் பாதியைப் பாருங்கள்: வெள்ளம் புரட்டிப் போட்ட கற்களுக்கு நடுவே, ஓரத்தில் ஒரு குதிரை வண்டி தெரியும். முதல் தடவை பார்ப்பவர்கள் பெரும்பாலும் அதைத் தவறவிடுகிறார்கள்.